நாலாம் நம்பர் சுவர்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறையில் நான் சூப்பர்வைசராக இருந்த கிடங்கில் ஆறு லோடிங் பே, அதாவது லோரி பின்னால் வந்து ஒட்டி நின்று சரக்கு ஏற்றி இறக்கும் இடங்கள். நாலாம் நம்பர் கதவுக்கு மேலே, லோரி நிற்கும் தரையிலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில், சுவரில் ஒரு காயம் இருந்தது. பூசுவோம். இரண்டு மாதம் ஆவதற்குள் மறுபடி வாயைத் திறந்துவிடும். மழைக்காலத்தில் உள்ளே இருக்கும் கம்பியிலிருந்து துருத்தண்ணீர் கோடாக இறங்கும். ஒவ்வொரு முறையும் நான் ஒரு பாரம், அதாவது சேதப் படிவம், எழுதுவேன். காரணம் கேட்கும் கட்டத்தில் நிரப்புவதற்கு என்னிடம் ஒரே வாசகம்தான் இருந்தது: ஓட்டுநரின் கவனக்குறைவு. அதை வைத்துக் கணக்குப் பிரிவு அவர் டிரிப் காசில் 50 வெள்ளி, 100 வெள்ளி என்று பிடிக்கும். மூன்று வருடம் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது.

லோரியைப் பின்னால் எடுப்பதற்கு எங்கள் யார்டில் எல்லோருக்கும் ஒரே சொல், கோஸ்தான். தமிழரானாலும் மலாய்க்காரரானாலும் சீனரானாலும் பினாங்கில் இதுதான். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தச் சொல்லும் 'கோ அஸ்டெர்ன்' என்ற கட்டளைதான் துறைமுகத்திலிருந்து கரையேறி இப்படி ஆகிவிட்டது என்பார்கள். பொருத்தமான சொல்தான். படகுக்காரர்கள் ஜெட்டியில் பழைய டயரைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நாங்களும் அதே டயரைப் பட்டை பட்டையாக வெட்டி, இரும்புக் கம்பியில் கோத்து இறுக்கி, பம்பர் என்று சுவரில் போல்ட் அடிக்கிறோம். எங்கள் பம்பர் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். லோரியின் பின்புறம் அதில் முட்டி நிற்கவேண்டும், சுவரைத் தொடக்கூடாது.

ஒருநாள் காலையில் நான் பாரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அன்று இடித்தவர் எங்களிடம் வரும் ஓட்டுநர்களிலேயே மூத்தவர். பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடத்துக்கு மேல் டிரெய்லர் ஓட்டியவர். கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து நாலாம் நம்பர் பம்பருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, இந்தப் பம்பரைத் தொட்டுப் பாரு. புதுசா இருக்கா?"

"ஆமாண்ணே."

"மத்த அஞ்சும்?"

மற்ற ஐந்தும் தேய்ந்து, ஓரம் பிய்ந்து, உள்நூல் தெரிய நின்றன. நாலாம் நம்பரில் ரப்பர் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது.

"இங்க சுவருதான் பம்பர் வேலை பாக்குது" என்றார்.

மூன்று வருடமாகத் தினமும் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறேன். என் கண்ணில் அது படவில்லை.

அன்று மாலை கொத்தனார் ஒருவரிடம் தண்ணீர் ட்யூப் வாங்கி, நானும் அவருமாக ஆறு பேயையும் மட்டம் பார்த்தோம். மற்ற இடங்களில் 12 மீட்டர் நீளத்துக்கு 36 சென்டிமீட்டர் இறக்கம். அதாவது 100க்கு 3. நாலாம் நம்பரில் 60 சென்டிமீட்டர், 100க்கு 5. கட்டும்போதே அங்கே சாக்கடைக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் சரித்திருந்தார்கள். அப்புறம் மண்ணும் இறங்கியிருந்தது. பிறைப் பக்கம் கடலோரக் களிமண், எடைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். மழை பெய்தால் நாலாம் நம்பரில்தான் தண்ணீர் தேங்கும், பையன்கள் அட்டைப்பெட்டி போட்டுத் தாண்டுவார்கள். அந்தத் தண்ணீர் எத்தனையோ தடவை சொல்லியும் நான் கேட்கவில்லை.

இதில் கணக்கு ஒன்றும் பெரிதில்லை. தரை சுவரை நோக்கிச் சரிந்தால், பின்னால் வரும் கண்டெய்னரின் தலையும் சுவர்ப்பக்கம் சாயும். சாதாரணக் கண்டெய்னரின் உயரம் 2.59 மீட்டர். 100க்கு 3 சரிவில் அதன் மேல்விளிம்பு அடிவிளிம்பைவிட 8 சென்டிமீட்டர் முன்னே வரும். பம்பர் 10, தப்பித்தது. 100க்கு 5 என்றால் 13 சென்டிமீட்டர். 2.9 மீட்டர் உயரமுள்ள ஹை கியூப் என்றால் 14.5. அடியில் ரப்பரைத் தொடுவதற்கு முன்பே மேலே சுவரை முட்டிவிடும். எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநர் வந்தாலும் முட்டும். மெதுவாக வந்தால் சின்னக் காயம், கொஞ்சம் வேகமாக வந்தால் பெரிய காயம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு.

நாலாம் நம்பரில் பம்பருக்குப் பின்னால் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு இரும்புப் பெட்டி வைத்து, பம்பரை வெளியே தள்ளினோம். மேடையையும் கண்டெய்னரையும் இணைக்கும் பலகைதான் லெவலர். அதன் நாக்கு 40 சென்டிமீட்டர். முன்பு கண்டெய்னருக்குள் 30 போய் உட்கார்ந்தது, இப்போது 20. ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்க அது போதும். வெல்டிங், போல்ட் எல்லாம் சேர்த்து ஆன செலவு, ஓட்டுநர்களிடம் பிடித்த காசில் பாதிகூட இல்லை. பிடித்த காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கொடுக்கவில்லை. இனிமேல் பிடிப்பதில்லை என்று மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

சரி, சுவர் பிழைத்தது. ஆனால் எனக்குச் சுவரைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு.

தீபாவளிக்கு முந்தின வாரம், மழை, விளக்கு போடும் நேரம். இரண்டாம் நம்பருக்கு ஒரு லோரி கோஸ்தான் எடுத்து, 3 மீட்டர் தூரத்தில் நின்றது. கண்டெய்னர் கதவை அங்கேயே திறந்து, இரண்டு பக்கமும் மடக்கிக் கொக்கி போட்டுவிட்டுத்தான் மிச்சத் தூரம் வரவேண்டும். ஒட்டி நின்ற பிறகு கதவு திறக்காது. லோரியில் உதவிக்கு வரும் கெலிண்டான் பையன் இறங்கிப் போனான். வலது கதவை மாட்டிவிட்டான். இடது கதவின் கொக்கி துருப்பிடித்து மாட்டவில்லை. அவன் பின்னால் நின்று அதோடு போராடிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் வலது கண்ணாடியில் பார்த்தார். கதவு மடங்கியிருந்தது, ஆளைக் காணோம். வேலை முடிந்து ஒதுங்கிவிட்டான் என்று நினைத்து எடுத்தார். மேலே மேடையில் நின்ற எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கத்திய கத்தலில் லோரி நின்றது. பையனின் முதுகுக்கும் பம்பருக்கும் நடுவில் என் கை இரண்டு சாண் இருக்கும். அவன் சட்டையில் பம்பரின் கரி கூடப் படவில்லை. ஆனாலும் அவன் கீழே உட்கார்ந்து எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. நான் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

லோரி ஒட்டி நிற்கும்போது அதற்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சுவது 10 சென்டிமீட்டர். மனிதனின் நெஞ்சு அதில் அடங்காது. பம்பர் கட்டடத்தைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற அதற்குத் தெரியாது.

மறுநாள் பெரியண்ணன் என்னைத் தன் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தார். நம் நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம். லோரி வலது பக்கம் வளைந்து பின்னால் போனால், ஜன்னலில் தலையை நீட்டிச் சுவரையும் பம்பரையும் நேரே பார்க்கலாம். இடது பக்கம் வளைந்தால்? "இடது கண்ணாடியைப் பாரு" என்றார். பார்த்தேன். டிரெய்லர் மடங்கி நின்றதில் கண்ணாடி முழுக்கக் கண்டெய்னரின் தகரம்தான் தெரிந்தது. வலது கண்ணாடியில் வேலி. பின்னால் சுவர் எங்கே, பையன் எங்கே, ஒன்றும் இல்லை. "இப்படித்தான் தம்பி தினமும் உன் இடத்துக்கு வர்றோம்" என்றார்.

எங்கள் யார்டில் கேட்டிலிருந்து வரும் லோரிக்குக் கட்டடம் இடது கைப் பக்கம் இருக்கும். அதனால் எல்லோரும் குருட்டுப் பக்கமாக வளைத்தே கோஸ்தான் எடுத்தார்கள். இடது பக்க ஸ்டியரிங் உள்ள ஊருக்கு அது சரியான அமைப்பு. இங்கே எப்படி அப்படி அமைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டை மாற்ற முடியாது. கட்டடத்தைக் கடிகாரம் சுற்றுவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கட்டடம் வலது கைக்கு வந்துவிடும். கூடுதலாக இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக மேலிடத்தில் இரண்டு மாதம் பேசவேண்டியிருந்தது.

கதவு திறக்கும்போது ஓட்டுநரும் எஞ்சினை நிறுத்திச் சாவியோடு இறங்கவேண்டும் என்று வைத்தோம். கெலிண்டான் வலது பக்கம், ஓட்டுநரின் கண்ணில் படும்படி வந்து நின்று கைகாட்டிய பிறகே லோரி நகரும். கண்ணாடியில் அவன் மறைந்தால் பிரேக். சக்கரத்துக்குக் கட்டை, ஆபீசில் சாவி, இவை முன்பே இருந்த விதிகள், அவற்றையும் இறுக்கினோம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு கெலிண்டானிடமும் இதை நானே சொல்கிறேன். தமிழ் தெரிந்தவனுக்குத் தமிழில், இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்த மலாயில்.

திங்கட்கிழமை தோறும் பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்துக்கொண்டு ஆறு பேயின் பம்பர்களையும் அளக்கிறேன். இடித்துத் தேய்வதைவிட உரசித் தேய்வதுதான் அதிகம். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஏறும்போது கண்டெய்னர் அமுங்கும், வெளியே வந்ததும் எழும்பும். நாள் முழுக்க ரப்பரை அரம்போல ராவிக்கொண்டே இருக்கும். போன வாரம் ஐந்தாம் நம்பரில் இடது பம்பர் 9 சென்டிமீட்டர், வலது பம்பர் 7. இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை. அங்கே லோரிகள் கோணலாக வந்து முதலில் வலது ஓரத்தில் முட்டுகின்றன. தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் போய்ப் பார்த்தேன், சுவருக்குக் கிட்டத்தில் பாதி அழிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை லோரி வராது, அன்றைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.