ஒரே தடவை தலைகாட்டிப் போகும் சொற்கள்

ஆறாம் வகுப்பு அரபுப் பாடநூல் ஒன்றைக் கொடுத்து, “சொற்கள் பிள்ளைகளுக்குத் தோதா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க உஸ்தாத்” என்றார்கள். உஸ்தாத் என்றால் ஆசிரியர். பெயர் வேண்டாம். அச்சு அழகு, படங்களும் அழகு.

பாடத்துக்கு எத்தனை புதுச்சொல் என்று எண்ணுவதுதான் வழக்கம். நான் முதலில் பார்ப்பது வேறு: வந்த சொல் மறுபடி வருகிறதா? கோடு போட்ட நோட்டில் சொல்லை எழுதி, எதிரே பக்க எண்களைக் குறித்துக்கொண்டே போனேன். விமான நிலையம், பாஸ்போர்ட், சுங்கம் எல்லாம் மூன்றாம் பாடத்தில் வருகின்றன; அதோடு சரி. பிள்ளையின் பையில் இருக்கும் ரப்பருக்கும் ஸ்கேலுக்கும் புத்தகம் முழுக்க இடமில்லை.

இன்னொரு ஆதங்கம். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைகளுக்கு அதன் அத்தியாயங்களான சூராக்களின் பெயர்களே அத்துப்படி. கலம் பேனா, கமர் நிலா, ஷம்ஸ் சூரியன், நஹ்ல் தேனீ, பகரா பசு, ஃபீல் யானை. கையில் இருக்கும் இந்த மூலதனத்தை நூலாசிரியர்கள் தொடவே இல்லை.

அப்புறம் பன்மை. தமிழில் ‘கள்’ சேர்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அரபியில் கலம் அக்லாம் ஆகும், கிதாப் (புத்தகம்) குதுப் ஆகும், பைத் (வீடு) புயூத் ஆகும். ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்யவேண்டும். பன்மையோடு தரும் இருபது சொல், பிள்ளைக்கு நாற்பது. கிதாப், மக்தப் (மேசை), மக்தபா (நூலகம்) போல ஒரே வேரில் வருபவற்றை அடுத்தடுத்து வைத்தால் சுமை குறையும். இங்கே அவை ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன.

வாணியம்பாடியில் பிறந்த வி. அப்துர் ரஹீம், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்காக எழுதிய ‘துரூஸுல் லுகத்தில் அரபிய்யா’ (அரபு மொழிப் பாடங்கள்) நூலை எடுத்துப் பாருங்கள். முதல் பாடத்தில் வீடு, பள்ளிவாசல், கதவு, புத்தகம், பேனா, சாவி, மேசை. எல்லாம் விரலால் சுட்டக்கூடியவை. நான்காம் பாடத்தில் அதே புத்தகம் அதே மேசைமேல் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் புதிது ‘மேல்’ என்ற சொல்லும் வேற்றுமை உருபும் மட்டும். பன்மைக்குப் பல பாடங்கள் காத்திருக்கவேண்டும். பெரியவர்களுக்கு எழுதிய நூல்தான், ஆறாம் வகுப்புக்கு அப்படியே வைக்கமாட்டேன். ஆனால் சொல்லை வரிசைப்படுத்தும் நிதானம் அதில் இருக்கிறது.

அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல் போதாதா என்று ஒருவர் கேட்டார். பக்வால்டர், பார்க்கின்சன் இருவரும் 2011-இல் வெளியிட்ட, அடிக்கடி வரும் அரபுச் சொற்களின் அகராதியில் 5,000 சொற்கள் உண்டு. நல்ல துணைதான். ஆனால் அது வகுப்பறையை வைத்து எண்ணியதல்லவே.

விமான நிலையத்தை எட்டாம் வகுப்புக்குத் தள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்கள். கடைசிச் சொற்பட்டியலில் பன்மையையும் சேர்க்கச் சொன்னேன். பக்கம் கூடும், விலை ஏறும் என்று அதற்கு மட்டும் தயங்குகிறார்கள்.