திருட்டு வியர்வையும் சுண்டுவிரல் நுனியும்

தென் சீனாவின் குவாங்சோவில் குடியேறிய முதல் கோடையில், எங்கள் குடியிருப்பு லிஃப்டில் முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர் என் மகனின் சட்டைக் கழுத்துக்குள் உரிமையோடு கையை விட்டு முதுகைத் தடவிப் பார்த்து, “இப்படி நனைந்திருக்கிறதே, கவனிக்கவில்லையா?” என்று என்னைக் கடிந்துகொண்டார். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்வியில் அது அடங்கிப்போனது: “விளையாடும்போது வியர்க்கிறதா, தூங்கும்போதா?” நான்கு வயதுப் பிள்ளையின் தலையணை உறையை இரவுக்கு இருமுறை மாற்றிக்கொண்டிருந்த நான், அதுவரை அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை.

சீன மரபு மருத்துவம் குழந்தையின் வியர்வையை அணுகுவது இந்தக் கேள்வியிலிருந்துதான். ஓடியாடாமல் சும்மா இருக்கும்போதே பகலில் வியர்ப்பதை ‘ட்சு ஹான்’, அதாவது தானாய் வரும் வியர்வை என்கிறார்கள். உறங்கியதும் வந்து விழித்ததும் நின்றுவிடுவது ‘தாவ் ஹான்’. இதன் நேர்ப்பொருள் திருட்டு வியர்வை. வீட்டார் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நுழைந்து, விழித்தவுடன் ஓடிவிடுகிற திருடனைப் போன்றது என்பதால் இந்தப் பெயர். உடலின் மேற்பரப்பைக் காக்கும் ‘ச்சி’ என்னும் உயிர்விசை தளர்ந்து, மயிர்க்கால்கள் சரியாக மூடாமல் இருப்பதே பகல் வியர்வைக்குக் காரணம் என்றும், அத்தகைய குழந்தை வெளிறியும் சோர்ந்தும் அடிக்கடி சளி பிடித்தும் காணப்படும் என்றும் சொல்கிறார்கள். இரவு வியர்வைக்கோ, உடலைக் குளிர்விக்கும் ‘யின்’ குறைந்து உள்ளே சூடு மிகுந்ததைக் காரணமாக்கி, உள்ளங்கை உள்ளங்கால் சூட்டையும் வாய் வறட்சியையும் அடையாளமாகக் காட்டுகிறார்கள். இவர்கள் நுரையீரல், மண்ணீரல் என்று பேசும்போது உடற்கூற்றியல் படத்தில் உள்ள உறுப்பை நினைத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். அவை செயல்பாடுகளின் தொகுப்புக்கு இட்ட பெயர்கள்.

இந்த வியர்வைக்குச் சீன மரபில் குழந்தைகளுக்கான மசாஜ் ஒன்று உண்டு. அதற்கு முன்பு நாங்கள் போனது குழந்தை மருத்துவரிடம். அவர் எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, நீடித்த காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, எடை குறைகிறதா, தூக்கத்தில் குறட்டையோ மூச்சுத் தடையோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். வெப்பத்தை ஆளும் நரம்பு மண்டலம் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. தூங்கத் தொடங்கிய முதல் ஓரிரு மணி நேரத்தில் ஆழ்ந்த உறக்கத்தின்போது தலை வியர்த்துப் பிறகு தானே அடங்குவது மிகச் சாதாரணம் என்றார். பால் குடிக்கும்போதே வியர்த்துக் கொட்டுகிற, மூச்சு வாங்குகிற கைக்குழந்தையை மட்டும் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும், இதயக் கோளாறு இருக்கக்கூடும் என்பதையும் சொன்னார். தலை வியர்த்தால் கால்சியம் குறைவு என்று இங்குள்ள பாட்டிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளிப்பார்கள். எலும்புகள் வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோயில் தலை வியர்ப்பது உண்மைதான், ஆனால் வியர்வையை மட்டும் வைத்துக் கால்சியம் மாத்திரை கொடுப்பதில் பொருளில்லை.

அதன் பிறகே ‘ஷியாவ் அர் துய்நா’ எனப்படும் அந்தக் குழந்தை மசாஜைக் கற்றுக்கொள்ளப் போனேன். தள்ளுதல், பற்றுதல் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது ‘துய்நா’; மிங் அரசர் காலத்தில் இது குழந்தைகளுக்கென்று தனிக் கலையாக வளர்ந்தது. இதன் விந்தை என்னவென்றால், பெரும்பாலான வேலை குழந்தையின் கையிலேயே முடிந்துவிடுகிறது. கட்டைவிரல் மண்ணீரலுக்கு, சுட்டுவிரல் கல்லீரலுக்கு, நடுவிரல் இதயத்துக்கு, மோதிரவிரல் நுரையீரலுக்கு, சுண்டுவிரல் சிறுநீரகத்துக்கு. வியர்வைக்கென்றே குறித்த புள்ளி சுண்டுவிரலின் உச்சியில் இருக்கிறது. அதன் பெயர் ‘ஷென் திங்’. மகனின் இடது கையை என் உள்ளங்கையில் மல்லாத்தி, அந்தப் பிஞ்சு நுனியை என் கட்டைவிரலால் அழுத்தம் தராமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும்; நூறிலிருந்து ஐந்நூறு வரை எண்ணிக்கை. இருநூறைத் தாண்டும்போது என் விரல் கடுக்கும், அவனோ எண்ணிக்கையை வேண்டுமென்றே குழப்புவான். இதனுடன் பகல் வியர்வைக்குக் கட்டைவிரலையும் மோதிரவிரலையும் வலுவூட்டித் தேய்ப்பார்கள். உள்சூட்டுக்கு, முன்கையின் உட்புற நடுக்கோட்டில் மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்புவரை இரு விரல்களால் நேராகத் தள்ளுவார்கள். அந்தக் கோட்டுக்கு ‘வான்நதி நீர்’ என்று பெயர். வைத்தவர் கவிஞராகத்தான் இருந்திருக்க வேண்டும். எந்தத் திசையில் தள்ளினால் வலுவூட்டுதல், எந்தத் திசையில் தள்ளினால் சூட்டை வெளியேற்றுதல் என்பதில் குருகுலத்துக்குக் குருகுலம் கருத்து வேறுபடுகிறது. தோல் உராயாமல் இருக்க டால்கம் பவுடரைப் பரிந்துரைக்கிறார்கள். அதன் தூள் குழந்தையின் மூச்சில் போகும் என்பதால் நான் வெதுவெதுப்பான நீரையே தொட்டுக்கொள்கிறேன். காய்ச்சலின்போதும், தோலில் புண் இருக்கும்போதும், சாப்பிட்டவுடனும் செய்வதில்லை.

கைக்குப் பிறகு முதுகு. குப்புறப் படுக்கவைத்து, வால் எலும்பிலிருந்து கழுத்தடிவரை முதுகெலும்பின் மேலுள்ள தோலை இரு கைகளாலும் மெல்லக் கிள்ளி உருட்டியபடி மேலேறுவது ‘நியே ஜி’. மூன்று முதல் ஐந்து முறை. கடைசிச் சுற்றில் மூன்று கிள்ளுக்கு ஒருமுறை தோலைச் சற்று மேலே தூக்க வேண்டும். இது ஏதோ மறைவான வித்தை அல்ல. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான குழந்தைகளின் பெற்றோருக்கு, வயிற்றைத் தடவும் முறையையும் இந்த முதுகுக் கிள்ளலையும் கற்றுக்கொடுப்பது சீன அரசின் அடிப்படைப் பொதுச் சுகாதாரச் சேவையில் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

ஆனால் எங்கள் வீட்டில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு துண்டுத் துணி. லிஃப்டில் கடிந்துகொண்ட அதே மூதாட்டி மறுநாள் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. பல மடிப்புப் பருத்தியால் தைத்த நீள்சதுரம். மேல்முனையில் கரடி முகம் பின்னிய மடல். துணியை முதுகுக்கும் சட்டைக்கும் இடையில் செருகினால் கரடி முகம் பிடரிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். விளையாடி முடிந்ததும் கரடியின் தலையைப் பிடித்து உருவிவிட்டு உலர்ந்ததைச் செருகினால் போதும், சட்டை மாற்ற வேண்டியதில்லை. இங்கே மழலையர் பள்ளி வாசலில் மாலை நேரத்தில் பிடரிதோறும் விலங்கு முகங்கள் தொங்குவதைக் காணலாம். வியர்த்த முதுகில் குளிர்க்காற்று படக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

இன்னொன்று ஆடை. பிள்ளை நலமாயிருக்க வேண்டுமானால் மூன்று பங்கு பசியும் மூன்று பங்கு குளிரும் இருக்கட்டும் என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. கைகால் சில்லென்று இருக்கிறதே என்று நான் அடுக்கடுக்காகப் போர்த்தி வந்தேன். பார்க்க வேண்டிய இடம் பிடரி என்று அந்த மூதாட்டி காட்டினார். பிடரி வெதுவெதுப்பாக உலர்ந்திருந்தால் போர்வை சரி, பிசுபிசுத்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். படுக்கும் முன் ஓடிப்பிடித்து விளையாடுவதையும், நேரம் கடந்த கனமான இரவு உணவையும் நிறுத்தினோம். நீரில் போட்டால் மிதக்கிற சூம்பிய கோதுமை மணிகளைச் செந்நிறச் சீன இலந்தைப் பழத்தோடு காய்ச்சிக் கொடுப்பதும் இங்கு வழக்கம். மூலிகைப் பொடிகளை மட்டும், முறையாகப் பயின்ற மருத்துவர் குழந்தையைப் பார்க்காமல் கொடுப்பதாக இல்லை.

பலன் கிடைத்ததா என்று கேட்டால், தலையணை ஈரம் குறைந்தது. அது குறைந்தது நவம்பரில். அதே மாதத்தில் காற்று வறண்டது, தடித்த போர்வை பெட்டிக்குள் போனது, அவனுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. ஷென் திங் புள்ளிக்கு மட்டும் பெருமையைத் தூக்கிக் கொடுக்க என்னால் முடியவில்லை. என் கணவர் முழுப் பெருமையையும் போர்வைக்கே கொடுக்கிறார். சுண்டுவிரல் தேய்ப்பதை இப்போது பெரும்பாலும் விட்டுவிட்டேன். முதுகுக் கிள்ளல் மட்டும் தொடர்கிறது, ஏனென்றால் காலையில் கண் விழித்ததும் அவனே குப்புறப் படுத்துச் சட்டையைத் தூக்கிக்கொண்டு, “அம்மா, கடைசிச் சுற்றை மெதுவாகப் பண்ணு” என்று காத்திருக்கிறான்.