டிராக் சைக்கிளுக்கு எடை குறைந்த சக்கரம்: 10,000 ரூபாய்க்குள் கட்டிப் பார்த்தது

ஓடுதளப் பந்தயத்துக்கென வடிவமைக்கப்பட்ட என்னுடைய டிராக் சைக்கிளோடு வந்த சக்கரங்கள் 40 மில்லிமீட்டர் உயரமுள்ள அலுமினிய ரிம்களில் கட்டப்பட்டவை. பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தாலும், பிரித்து எடை போட்டபோது ஒரு ரிம் மட்டும் ஏறத்தாழ 700 கிராம் இருந்தது. வட சென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் ஓட்டுபவனுக்கு இந்தக் கனம் தேவையா என்ற கேள்வியோடும், 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற வரம்போடும் இந்த வேலையைத் தொடங்கினேன்.

ஃப்ரீவீல் இல்லாத வண்டி இது. சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழலும். வேகத்தைக் கூட்டுவதைப் போலவே குறைப்பதற்கும் பெரும்பாலும் கால்தான் உழைக்க வேண்டும். சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் 1 கிராம், வண்டியோடு சேர்ந்து முன்னே நகர்வதோடு தானும் சுழல்வதால், வேகம் மாறும்போது ஏறக்குறைய 2 கிராமுக்குச் சமமாகிறது. நடுவிலுள்ள ஹப்பில் குறைக்கும் எடைக்கு இந்த இரட்டிப்புப் பலன் கிடையாது. ஆகவே பழைய ஹப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, பணம் முழுவதையும் ரிம், கம்பி, டயர், டியூப் ஆகியவற்றில் போடுவது என்று முடிவு செய்தேன்.

சீரான வேகத்தில் ஓடும்போது எடைக்கு இவ்வளவு மதிப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1972-இல் மெக்சிகோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 6 கிலோவுக்கும் குறைவான சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1984-இல் அதே நகரில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர், கம்பிச் சக்கரத்தைவிடக் கனமான மூடிய தகட்டுச் சக்கரங்களைப் போட்டுக்கொண்டு அதே ஒரு மணி நேரத்தில் 51 கிலோமீட்டரைக் கடந்தார். ஓடுதளத்தில் வேகம் ஏறிய பிறகு எதிர்த்து நிற்பது காற்றுதான் என்பதால், அங்கே எடையைவிட வடிவம் முக்கியமாகிறது.

அப்படியானால் உயரமான ரிம்மையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எண்ணூர் விரைவுச் சாலை கடற்கரையை ஒட்டித் தெற்கு வடக்காக ஓடுகிறது. கடற்காற்று கிழக்கிலிருந்து, அதாவது பக்கவாட்டிலிருந்து வீசுகிறது. அந்தக் காற்று உயரமான முன் ரிம்மில் மோதும்போது ஹேண்டில்பார் கையை மீறித் திரும்பப் பார்க்கும். பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி கடந்து காற்றை மறித்துவிட்டு விலகும் நொடியில் அது இன்னும் மோசமாகும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் எனக்கு, உயரம் குறைந்த சாதாரணப் பெட்டி வடிவ ரிம்மே பொருத்தமானது. கார்பன் ரிம்மைப் பற்றி விலையை விசாரித்ததோடு சரி.

வாங்கும் இடத்தில் அளவைக் கவனிக்க வேண்டும். ரத்தன் பஜார் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பெரிய சைக்கிள் ரிம்கள் 28 × 1½ அளவுடையவை. டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். டிராக் சைக்கிளுக்குரிய 700சி அளவில் அது 622 மில்லிமீட்டர் என்பதால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஹப்பிலும் ஒரு பொறி உண்டு. சாதாரண ஃப்ரீவீல் ஹப்பின் மரையில் டிராக் பற்சக்கரம் அழகாக ஏறிவிடும். ஆனால் அதை இறுக்கிப் பிடிக்க இடப்புறமாகச் சுழலும் லாக்ரிங்குக்கான இரண்டாவது மரை அதில் இருக்காது. பின்னோக்கி அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது பற்சக்கரம் கழன்றுவிடக்கூடும். காசை மிச்சப்படுத்த வேண்டிய இடம் இதுவல்ல.

சாலைச் சைக்கிள் ஓட்டும் நண்பரிடமிருந்து 32 துளையுள்ள இரண்டு பழைய ரிம்களை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஒவ்வொன்றும் 480 கிராம். பழைய ரிம்மில் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும், பிரேக் கட்டை உரசிய பக்கச்சுவர் உட்குழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என் வண்டியில் முன்பக்கம் மட்டுமே பிரேக் உள்ளதால், தேய்மானம் சற்று அதிகமான ரிம்மைப் பின்னால் போட்டுக்கொண்டேன்; இனி அதைத் தேய்க்க எதுவும் இல்லை.

கம்பிக் கணக்கு சுவாரசியமானது. நடுவில் 1.8 மில்லிமீட்டராக மெலிந்த கம்பிகளை வாங்கினால், 2 மில்லிமீட்டர் கம்பிகளோடு ஒப்பிட, 64 கம்பிகளுக்கும் சேர்த்துச் சுமார் 40 கிராம் குறையும். ஆனால் ரிம்மின் உயரம் குறைந்ததால் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீள வேண்டியிருந்தது. லாபத்தின் பெரும்பகுதியை அந்த நீளமே தின்றுவிட்டது. கம்பியின் நுனியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு திருகான நிப்பிளை அலுமினியத்தில் போட்டால் மேலும் ஒரு 40 கிராம் மிஞ்சும். காசிமேட்டு உப்புக் காற்றில் அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் கம்பியும் ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை கோட்டம் எடுக்கவே முடியாது என்பதால் பித்தளை நிப்பிளையே தேர்ந்தெடுத்தேன்.

சக்கரம் கட்டியது வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய கடையில். முன்னால் 32, பின்னால் 40 கம்பி என்று தண்ணீர் கேன் சுமக்கும் வண்டிகளுக்குக் கட்டிப் பழகிய அண்ணன் அவர். “பின்னாடி நாப்பது இல்லாம தாங்குமா தம்பி?” என்று முதலில் தயங்கினார். டிராக் ஹப்பில் கியர் அடுக்கு இல்லாததால் இரு பக்கக் கம்பிகளும் ஒரே நீளம், ஒரே இறுக்கம். எனவே 32 கம்பியிலேயே நல்ல வலு கிடைக்கும். ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும்படி பின்னி முடித்துக் கோட்டம் பார்த்தபோது, பின்சக்கரம் இவ்வளவு சீக்கிரம் நேரானதில் அவருக்கே வியப்பு.

விலைக்கேற்ற பலன் டயரில்தான் கிடைத்தது. இரும்புக் கம்பி விளிம்புள்ள 28 மில்லிமீட்டர் டயர்களுக்குப் பதிலாக, அதே அகலத்தில் மடிக்கக்கூடிய டயர்களைப் போட்டதில் இரண்டுக்கும் சேர்த்து 200 கிராம் போனது. மெல்லிய ரப்பர் டியூபில் இன்னும் 80 கிராம். 40 கிராம் அளவிலேயே கிடைக்கும் டிபியு என்ற பிளாஸ்டிக் டியூபுக்கும் ஆசை எழுந்தது. அதற்குத் தனி ஒட்டு வேண்டும், நம் பஞ்சர் கடைகளின் ரப்பர் ஒட்டு அதில் பிடிக்காது. இரும்புத் துகள் சிதறிக் கிடக்கும் மணலி, எண்ணூர் சாலைகளுக்கு அது ஒத்துவராது.

ரிம்மில் 440 கிராமும் சேர்ந்து விளிம்பில் மொத்தம் 720 கிராம் குறைந்திருக்கிறது. இரட்டிப்பாகக் கணக்கிட்டாலும் 1.44 கிலோ, நானும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்பதால் அது 100-இல் 2 பங்குக்கும் குறைவு. தட்டையான சாலையில் வழக்கமான வேகம் மாறவேயில்லை. மிண்ட் சிக்னலில் கிளம்பும்போதும், முன்னே ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்கையில் காலால் அடக்கும்போதும் வித்தியாசம் தெரிகிறது. பக்கக் காற்றில் முன்சக்கரம் அமைதியாக இருப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்கும் எடைக்கும் தொடர்பு குறைவு.

கம்பிகள் சற்றுத் தளர்ந்ததால் ஒரு முறை மீண்டும் இறுக்கியாகிவிட்டது, லாக்ரிங்கையும் பார்த்தாயிற்று. செலவு 9,800 ரூபாயில் நின்றது. மீதி 200 ரூபாயில் பின்சக்கரத்துக்கு ஒரு உபரி டியூப் வாங்க முடியாது. அது அடுத்த மாதக் கணக்கில்.