பாம்பு நாக்கும் கீரி முடியும்

நவம்பர் 4

கீரிப்பிள்ளை கதைக்கு மொத்தம் 12 படம். இன்று மூன்றாவது: தொட்டில், அதன் கீழே கீரி, சுவரோரம் பாம்பு. தொட்டில் கயிற்றை ஒரே இழுப்பில் போடப் பார்த்தால் கோடு இரட்டையாக விழுகிறது. பிரஷ் நுனி பாம்பு நாக்கு மாதிரிப் பிளந்து நிற்கிறது. நனைத்து, விரலால் உருட்டிக் கூராக்கினால் மூன்று கோடு ஒழுங்காக வரும். நான்காவதில் மறுபடி நாக்கை நீட்டும்.

நான்காம் நம்பர் கொலின்ஸ்கி, விலங்கு முடியில் செய்த பிரஷ். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வாங்கிய அன்று அம்மாவிடம் விலையைப் பாதியாக்கித்தான் சொன்னேன்.

நவம்பர் 5

கெடுத்தது நானேதான். தண்ணீரில் கரையாத இந்தியன் இங்கில் புகைக்கரியோடு அரக்கும் சேர்ந்திருக்கும். தச்சர்கள் ஸ்பிரிட்டில் ஊறவைத்து மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறார்களே, அந்த அவலரக்குதான். காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. முடியைக் கவ்விப் பிடிக்கும் உலோகப் பூணுக்குள் கொஞ்சம் ஏறிக் காய்ந்தால் போதும், முடியை அடியிலிருந்தே விரித்துவிடும். நான் இரண்டு வருஷமாக நுனியைப் பளிச்சென்று கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். மை குடியிருந்தது மேலே.

மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பத்து நிமிஷம் வைத்து, குளியல் சோப்பை உள்ளங்கையில் குழைத்து, பூணிலிருந்து நுனிப் பக்கமாகவே நீவிக் கழுவினேன். எட்டாவது தடவையும் நுரை சாம்பல் நிறம். ஸ்பிரிட் முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும் என்பதால் கடைசியில் என் கண்டிஷனரில் ஒரு சொட்டு. அதுவும் முடிதானே. காய்ந்த பிறகு பார்த்தால் நாக்கு கொஞ்சம் குட்டையாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 9

கடைக்குப் போனேன். புது பிரஷ் எல்லாமே கூராகத்தான் இருக்கும். பசை போட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். அதனால் தண்ணீர் கேட்டேன். பையன் டீ கிளாஸில் கொண்டுவந்து கொடுத்து, நான் குடிக்கப்போகிறேன் என்று நினைத்து நின்றான். பசை கரையும்வரை அலசி, கையை ஒரு உதறு. நல்ல பிரஷ் என்றால் அந்த ஒரே உதறலில் தானாகக் குவிய வேண்டும். பிறகு நகத்தின் மேல் நுனியை லேசாக வளைத்து விட்டால் நிமிர வேண்டும். 'கேமல் ஹேர்' என்று எழுதியிருந்தது வளைந்தபடியே படுத்துக்கொண்டது. பெயர்தான் ஒட்டகம், அதில் இருப்பது பெரும்பாலும் அணில் முடியோ ஆட்டு முடியோதான். அணில் முடி தண்ணீரை நிறையக் குடிக்கும், நீர்த்த வண்ணத்தைப் பரப்பித் தடவும் வாஷுக்கு அருமை. கோட்டுக்கு முதுகெலும்பு இல்லை.

அப்புறம் கடைக்காரர் உள்ளேயிருந்து பேர் எதுவும் அச்சிடாத ஒரு கட்டை எடுத்துவந்தார். "இதுவும் சேபிள்தான் மேடம், விலை கால்வாசி." கொலின்ஸ்கி மாதிரி முடிக்குக் கடையில் சொல்லும் பெயர் அது. உதறினேன், ஊசி மாதிரிக் குவிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனி வெளுப்பு, நடுவில் கரும்பட்டை, அடியில் மறுபடி வெளுப்பு. கொலின்ஸ்கி இப்படிப் பட்டை பட்டையாக இருக்காது, செம்பழுப்பாக இருக்கும். இது கீரி முடி.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி முடியில் பிரஷ் செய்வதும் விற்பதும் குற்றம். வைத்திருப்பதும்தான். 2019இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 'ஆபரேஷன் க்ளீன் ஆர்ட்' என்று பல மாநிலங்களில் சோதனை போட்டது. உத்தரப் பிரதேசத்தில் பிரஷ் தொழிலுக்குப் பேர்போன ஷேர்கோட்டும் அதில் ஒன்று. இதையெல்லாம் நான் சொல்ல, "எல்லாரும் வாங்குறாங்களே" என்றார். கட்டு உள்ளே போய்விட்டது. டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 10

இழுப்பறையின் அடியில் கல்லூரிக் காலத்துப் பிரஷ் ஒன்று கிடக்கிறது. சீனியர் ஒருவர் கொடுத்தது. நான் முதன்முதலில் உருப்படியாகக் கோடு போட்டது அதில்தான். எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். வெளுப்பு, கருப்பு, வெளுப்பு.

மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 14

வேறு கடையில் இரண்டு வாங்கினேன்: ஒரு கொலின்ஸ்கி, ஒரு நைலான். கொலின்ஸ்கி என்பது சைபீரிய வீசல் என்ற, கீரி மாதிரியான சிறு விலங்கின் வால் முடி. அதற்காக நான் ஒன்றும் பெரிய யோக்கியம் இல்லை. அந்த வீசலை, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸின் மூன்றாம் பட்டியலில் போடச் செய்ததே இந்தியாதான். கீரிக்கு இளகிய மனசு வீசலுக்கு மட்டும் ஏன் இறுகுகிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இதுதான் கடைசிக் கொலின்ஸ்கி என்று போன தடவையும் சொன்னேன்.

சைஸ் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆரம்பிக்கிறவர்கள் மெல்லிய கோட்டுக்கு மூன்று பூஜ்ய நம்பர் கேட்பார்கள். அதில் நாலு சொட்டுக்கூட மை நிற்காது, கோடு பாதியில் வறண்டுவிடும். மெல்லிய கோடு வருவது நுனியில், மை நிற்பது முடிக்கற்றை நடுவில் புடைத்திருக்கும் வயிற்றில். விக்டோரியா ராணிக்காக 1866இல் வின்சர் அண்ட் நியூட்டன் என்ற இங்கிலாந்துக் கம்பெனி செய்த பிரஷ்கூட அவருக்குப் பிடித்த ஏழாம் நம்பரில்தான். இன்றும் அந்த வரிசைக்குப் பெயர் சீரிஸ் 7.

இனி அரக்கு மை நைலானுக்கு மட்டும். நைலான் நுனி சீக்கிரம் கொக்கியாகும், அதைச் சுடுதண்ணீரில் சில நொடி முக்கினால் ஓரளவு நிமிரும். முடிப் பிரஷைச் சுடுதண்ணீரில் காட்டவே கூடாது, பூணுக்குள் இருக்கும் பசை இளகிவிடும். கொலின்ஸ்கிக்கு அரக்கு இல்லாத மைதான். அதிலும் வயிற்றில் பாதிக்கு மேல் மை ஏறக் கூடாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு அலசல். போனில் டைமர் வைத்திருக்கிறேன். அம்மா ஒவ்வொரு தடவையும் குக்கரைப் பார்க்க ஓடுகிறாள்.

நவம்பர் 18

மூன்று நாளாக மழை. துவைத்த துணியே காயவில்லை, பிரஷ் எங்கே காயும்? பாதி ஈரத்தோடு குழாய் மூடியைப் போட்டுவிட்டேன். இன்று திறந்தால் பூசண வாடை. மறுபடி சோப்பு. நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பூணுக்குள் இறங்கும் என்று மேசை ஓரத்தில் படுக்கப்போட்டு, நுனி மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி விட்டேன். பழைய அணில் பிரஷ் ஒன்றில் பூச்சி அரித்து ஒரு பக்கம் வழுக்கை. பாச்சை உருண்டை வாங்கப் போனவளை அம்மா நிறுத்தி, பட்டுப்புடவைக்கு நடுவே வைத்திருந்த வசம்பில் ஒரு துண்டை உடைத்துப் பெட்டியில் போட்டாள். இப்போது என் மேசையில் புடவை பீரோ வாசனை.

நவம்பர் 26

பதினொன்று முடிந்தது. கூரையின் ஓலைக் கீற்றுக்குப் பாம்பு நாக்குப் பிரஷே போதுமாக இருந்தது, ஓர் இழுப்பில் இரண்டு கோடு.

மிச்சம் கடைசிப் படம், வாசலில் வாயில் ரத்தத்தோடு நிற்கும் கீரி. பென்சிலில் நான்கு தடவை போட்டும் அணிலாகவே வந்தது. போனில் தேடிய படங்களில் உடம்பு தெரிகிறது, முடி தெரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய பிரஷை எடுத்தேன். விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு முடியாகப் பார்த்தேன். நுனி வெளுப்பு, பிறகு கருப்பு, பிறகு வெளுப்பு. அதைப் பார்த்துப் பார்த்து, நைலான் பிரஷால் வாலை வரைந்தேன். முடிக்க ஒன்றரை மணி ஆகிவிட்டது.