காலியாக வைத்து எண்ணிய பத்து நிமிடம்

"மலருக்கு ஒரு பக்கமாவது எழுதிக் குடுங்கக்கா" என்று பழைய மாணவர் சங்கத்துத் தம்பி மூன்று முறை கேட்டுவிட்டான். ஆண்டு விழா நாடகம், மதில் ஏறிக் குதித்து மாங்காய் பறித்தது எல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். எனக்கு நம் பள்ளி என்றால் முதலில் ஞாபகம் வருவது ஒரு பெட்ரோமாக்ஸ் மேண்டில், விளக்குக்குள் ஒளிரும் அந்த வலைப்பை.

1985, பிளஸ் டூ. இயற்பியல் சார் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் இரவலாக வாங்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் சென்னிமலை வரை கொண்டுவந்த பெட்டி. பேட்டரியில் ஓடும். ஒயர் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய். கதிர்வீச்சு அதில் பட்டால் பெட்டி டிக் என்னும். "இதுதான் கைகர் கவுண்டர்" என்றார். மணியடிக்கும் அண்ணன் வாசலில் தலையை நீட்டி, "அந்தக் கவுண்டர் எந்தூருங்க சார்?" என்று கேட்க, அப்புறம் வகுப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. "ஜெர்மனிப் பக்கம்" என்றார் சார், சிரிக்காமல்.

சட்டைப் பையில் மேண்டில் இருந்தது. யார் வீட்டுக் கல்யாணத்திலோ மிஞ்சியது. அதைக் காட்டுவார் என்று பார்த்தால், "மொதல்ல காலியா வெச்சு எண்ணுங்க. பத்து நிமிசம்" என்றுவிட்டார். சுற்றிலும் தறிச் சத்தம். ஒன்றும் காதில் விழவில்லை. நல்ல வேளையாகக் கரண்ட் போயிற்று. தெருவே அடங்கியது. டிக். கொஞ்சம் விட்டு, டிக் டிக். நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுத்து எண்ணினேன். 173. அடுத்த பெஞ்சுக்காரிக்கு அடுத்த பத்து நிமிடத்தில் 188. ஆளுக்கு ஆள் சண்டை.

"ரெண்டுமே சரிதான். 173க்கு வர்க்கமூலம் என்னம்மிணி?"

"பதிமூணு சொச்சங்க சார்."

"அந்த அளவுக்கு ஆடத்தான் செய்யும். நெறைய எண்ணுனா ஆட்டம் பெருசாத் தெரியாது."

காலியாக இருக்கும்போது எதை எண்ணுகிறோம் என்று கேட்டோம். பாதி காலுக்குக் கீழே உள்ள பாறையிலிருந்து, மீதியில் ஒரு பங்கு வானத்திலிருந்து என்றார். 1912 ஆகஸ்டில் விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரப் போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைப் பார்த்த கதையை அன்றுதான் கேட்டேன். அந்தக் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறிப் பிறக்கும் மியூவான்கள் என்ற துகள்கள், கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று விழுகின்றன. ஒரு வாரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மேண்டிலைக் குழாயருகே கொண்டுபோனார். அதில் கதிர்வீச்சு விடும் தோரியம் உண்டு. டிக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நின்றிருந்த தறி மறுபடி ஓட ஆரம்பித்த மாதிரி இருந்தது.

"இன்னும் பத்து மடங்கு, நூறு மடங்கு கிட்டப் போனா?" என்று கேட்டவர், பதிலுக்கு ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குக் கூட்டிப்போனார், பேச்சில்தான். வாசலில் ஒருத்தர் நோட்டுடன் உட்கார்ந்து மூட்டைக்கு ஒரு கோடு போடுகிறார். ஒவ்வொன்றாக வந்தால் சரி. ஐம்பது வண்டி ஒரே நேரத்தில் புகுந்தால்? கோடு போடக் கையைத் தூக்குவதற்குள் அடுத்த மூட்டை. நோட்டு வெறுமையாக இருக்கும், மண்டியோ நிறைந்திருக்கும். 1958இல் அமெரிக்காவின் எக்ஸ்புளோரர்-1 செயற்கைக்கோளில் வான் ஆலன் குழுவினர் வைத்த கைகர் குழாயும் அப்படித்தான் உயரே போனதும் சுழியம் காட்டியது. ஒன்றுமில்லாமல் அல்ல, திணறிப்போய். இரண்டு மாதத்தில் போன எக்ஸ்புளோரர்-3இன் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான், பூமியைச் சுற்றித் துகள்கள் சிறைப்பட்ட வளையங்கள் இருப்பது உறுதியாயிற்று. 2008இல் நம் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர் மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, அதே வளையங்களைத் தாண்டித்தான் நிலவுக்குப் போனது. அதில் இருந்த பல்கேரியாவின் ரேடாம் கருவி, சிலிக்கான் சில்லால் வழிநெடுகக் கதிர்வீச்சை அளந்தபடி போனது. ஈரோட்டு மூட்டைக்காரரை அப்போது நினைத்துக்கொண்டேன்.

நினைத்து என்ன பயன்? அடுத்த வருடமே நானே ஏமாந்தேன். சிறு செயற்கைக்கோள்களுக்கான கதிர்வீச்சு உணரிகளைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. ஒரு துகள் முடுக்கிக் கூடத்தில் புரோட்டான் கற்றையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எண்ணிக்கை ஏறி, ஏறி, பிறகு சரிந்தது. "கற்றை குறைந்துவிட்டது" என்று நோட்டில் எழுதியதோடு விடாமல், கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுக் குறையும் சொன்னேன். குறையவில்லை, முன்னைவிட இரண்டு மடங்கு என்றார்கள். திணறியது என் உணரி. மத்தியானம் முழுக்க எடுத்த கணக்கைக் கிழித்துப் போட்டோம்.

குறைச்சலே சேதியாக வருவதும் உண்டு. ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்று ஒரு ஆய்வு நடக்கிறது. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் நடந்த பழைய சோதனையில் இருந்த ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்களையும் அங்கே கொண்டுவந்து, மொத்தம் 3712 குழாய்களில் மியூவான்களை எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஒரு இடிமேகம் மேலே நின்ற பதினெட்டு நிமிடம் எண்ணிக்கை இரண்டு சதவீதம் போலக் குறைந்தது. மேகத்தின் மின்சாரம் மியூவான்களை மட்டுப்படுத்தியதால் வந்த அந்தக் குறைவை வைத்தே மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததென்று கணக்கிட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலை. கோத்தகிரி வழியாகப் பத்துத் தடவையாவது போயிருப்பேன். வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பியதுதான் மிச்சம்.

போன பொங்கலுக்குச் சாரிடம் போனில் புரோட்டான் கதையைச் சொன்னேன். காது இப்போது கொஞ்சம் மந்தம். முழுக்கக் கேட்டுவிட்டு, "கற்றையைத் தொறக்கறதுக்கு முந்தி காலியா வெச்சு எவ்வளவு நேரம் எண்ணுனே?" என்றார்.

"பத்து நிமிசங்க சார்."

"பத்தாதம்மிணி" என்றார்.