ஜாக்சன் ஹைட்ஸில் பட்டா இல்லாத வீடு

நியூயார்க்கில் வீடு வாங்கப் போகிறோம் என்றதும் ராமநாதபுரத்திலிருந்து அப்பா கேட்ட முதல் கேள்வி, "பட்டா யார் பேர்லம்மா இருக்கு?" அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நாங்கள் வாங்கியது கோ-ஆப், அதாவது கூட்டுறவு முறை வீடு. அதற்குப் பட்டாவும் கிடையாது, கிரயப் பத்திரமும் கிடையாது.

நியூயார்க்கின் குயின்ஸில் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் ஏழு வருடம் வாடகைக்கு இருந்தோம். ரூஸ்வெல்ட் அவென்யூ நிலையத்தில் இறங்கி 74ஆம் தெருவுக்குள் நுழைந்தால் முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அங்கிருந்து வடக்கே சில தெருக்கள் நடந்தால் இரைச்சலே அடங்கிவிடும். ஐந்தாறு மாடிச் செங்கல் கட்டடங்கள், அவற்றின் முதுகுப் பக்கம் தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பெரிய தோட்டங்கள். ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதியில் சில தோட்டங்களை வெளியாட்கள் பார்க்கத் திறந்துவிடுவார்கள். அப்படி ஒரு தோட்டத்தில் என் மகன் ஓடியதைப் பார்த்த அன்றுதான் வாங்கினால் இங்கேதான் என்று முடிவு செய்தேன்.

1909இல் குயின்ஸ்பரோ பாலம் வந்தது, 1917இல் ரயில் வந்தது. குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் வயல்காடாக இருந்த இந்த இடத்தை வாங்கி, தோட்டத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் கட்டி, கோ-ஆப் முறையில் விற்றது. அப்போது யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இங்கே வீடு தரமாட்டார்கள். இன்று எங்கள் மாடியில் மட்டும் நான்கு மொழி கேட்கிறது. அந்தப் பழைய கதை தெரிந்த பிறகு இந்த இடத்தின் மேல் எனக்குப் பிடிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் கட்டியவற்றை இங்கே 'ப்ரீ-வார்' என்பார்கள். உயரமான கூரை, கனத்த பூச்சுச் சுவர், ஓக் மரத் தரை, நுழைந்ததும் நம் ஊர் ரேழி மாதிரி ஒரு சின்ன இடம். முதலில் பார்த்த வீட்டில் அந்த ரேழியைப் பார்த்தே மயங்கிவிட்டேன். விலை பேசி, ஒப்பந்தம் போட்டு, பத்து சதவீதம் முன்பணமும் கட்டினோம். ஆறு வாரம் கழித்துக் கட்டடத்தின் போர்டு, அதாவது நிர்வாகக் குழு, மறுத்துவிட்டது. நேர்காணலுக்குக்கூட அழைக்கவில்லை.

கோ-ஆப்பில் கட்டடம் முழுக்க ஒரு நிறுவனத்தின் சொத்து. நாம் அதில் பங்குகள் வாங்குகிறோம். அந்தப் பங்குகளோடு ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமையும் குத்தகையாக வருகிறது. யாரைச் சேர்ப்பது என்பதைக் குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்த போர்டு முடிவு செய்யும். இனம், மதம் போன்றவற்றைக் காரணமாக வைத்து மறுப்பது சட்டவிரோதம். ஆனால் என்ன காரணம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. முன்பணம் முழுதும் திரும்ப வந்தது. காரணம் மட்டும் வரவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நான்.

எங்கள் வக்கீல் கணக்கைப் பார்த்துவிட்டு, கையிருப்புதான் காரணமாக இருக்கும் என்றார். வீட்டுக்குப் பணம் கட்டிய பிறகு நம் கையில் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் போர்டு முதலில் பார்க்குமாம். வங்கித் தவணையும் மெயின்டனன்ஸ் என்ற மாதப் பராமரிப்புக் கட்டணமும் சேர்த்து ஒரு வருடத்துக்காவது, சில இடங்களில் இரண்டு வருடத்துக்கு, கட்டும் அளவு இருக்க வேண்டும். நாங்களோ எல்லாவற்றையும் வழித்து வீட்டு விலைக்கே ஒதுக்கியிருந்தோம். சரி என்று ஒரு வருடம் பொறுத்துச் சேமித்தோம்.

இரண்டாவது முறை நான் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டு படுக்கையறை, 5,60,000 டாலர், மாதம் 1,150 மெயின்டனன்ஸ். சொத்து வரி, தண்ணீர், குளிர்கால வெப்பம் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தத் தொகை நாளைக்கு எவ்வளவு ஏறும் என்பதுதான் என் கவலையாக இருந்தது. கட்டடத்தின் பேரிலேயே ஒரு கடன் இருக்கும். அதன் தவணையும் நம் மெயின்டனன்ஸில்தான் சேரும். அது எந்த வருடம் முடிகிறது, புதுக் கடன் என்ன வட்டிக்குக் கிடைக்கும், இருப்பு நிதி எவ்வளவு, பாய்லர் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டோம். இரண்டு வருடக் கணக்கறிக்கையை நானும் கணவரும் சாப்பாட்டு மேஜையில் வைத்து வரி வரியாகப் படித்தோம். வக்கீல் போர்டின் கூட்டக் குறிப்புகளைப் போய்ப் படித்துவிட்டு வந்தார். மேல்மாடியில் ஒழுகியது, கூரையைச் சரிசெய்தது, அதற்கு வீட்டுக்கு வீடு எவ்வளவு வசூலித்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: அந்தக் குறிப்புகளைப் படிக்காத வக்கீலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

1993இல் இந்தப் பகுதியின் ஒரு பாகம் வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால் ஜன்னலை மாற்றக்கூட நகரத்தின் அனுமதி வேண்டும். அதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டோம்.

அப்புறம் போர்டுக்குக் கொடுக்க வேண்டிய கட்டு. வரி அறிக்கைகள், வங்கிக் கணக்குகள், வேலை செய்யும் இடத்துக் கடிதம், இப்போதைய வீட்டுக்காரர் கடிதம், நண்பர்களின் பரிந்துரைக் கடிதங்கள் என்று இருநூறு பக்கத்துக்கு மேல் போனது. அப்பா அனுப்பிய கொஞ்சப் பணமும் எங்கள் கணக்கில் இருந்தது. அது அன்பளிப்புதான், திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். "மகளுக்குக் கொடுத்த காசுக்கு எதுக்கும்மா எழுத்து?" என்று அப்பா வருத்தப்பட்டார். ஆனாலும் மறுநாளே அனுப்பிவிட்டார்.

நேர்காணல் ஒரு மாலை, கீழ்த்தளத்தில் இருந்த சின்ன அறையில் நடந்தது. ஐந்து பேர், இருபது நிமிடம். பணத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. வீட்டுக்குள் துணி துவைக்கும் இயந்திரம் வைக்கக்கூடாது, தரையில் எண்பது சதவீதம் கம்பளம் விரிக்க வேண்டும், போர்டைக் கேட்காமல் வாடகைக்கு விடக்கூடாது என்று சொன்னார்கள். தோட்ட வேலைக்கு வருவீர்களா என்று கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு பெரியம்மா கேட்டார். ஜன்னலோரத் தொட்டியில் ஆறு குளிர்காலம் தாங்கிய என் கறிவேப்பிலைச் செடியைப் பற்றிச் சொன்னேன். மிச்ச நேரம் அதைப் பற்றியே போனது. நான்காம் நாள் சம்மதம் வந்தது.

வீடு கைமாறும் க்ளோசிங் அன்று பழைய உரிமையாளரின் பங்குச் சான்றிதழை ரத்து செய்து எங்கள் பெயரில் புதிதாக எழுதினார்கள். கோ-ஆப் என்பதால் கடனுக்கான பதிவு வரி இல்லை. எங்களுக்கு ஏழாயிரம் டாலருக்கு மேல் மிச்சம். அசல் சான்றிதழும் குத்தகையும் கடன் கொடுத்த வங்கியிடம் போய்விட்டன. எங்கள் கையில் நகலும் சாவியும்தான்.

அந்த நகலைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்திருக்கிறார். பெயரும் பங்கு எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். பட்டாவுக்குப் பதில் இதுதான்பா என்று முதலிலிருந்து விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது கெடக்கட்டும், தண்ணி நல்ல தண்ணியா?" என்றார்.

நல்ல தண்ணிதான்பா, மலையிலிருந்து வருது, குழாய்லயே பிடிச்சுக் குடிக்கலாம் என்றேன்.

"அப்ப சரி. பால் காய்ச்ச நாள் பாக்குறேன்."