நோட்டில் ஏறிய பெயர்கள்

நெய்வேலியில் அவசரமாக ரத்தம் தேடுகிறவர் ரத்த வகையோடு ஷிப்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீட்டுக்கு வந்து படுத்தவரை எழுப்பி ரத்தம் எடுக்கக் கூடாது. கொடுப்பவர் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், வயிற்றில் சாப்பாடு இருக்க வேண்டும். அன்றைக்கே இரண்டாம் ஷிப்ட் போகிறவரிடமும் யோசித்துத்தான் கேட்க வேண்டும். ரத்தம் கொடுத்த நாளில் உயரத்தில் ஏறும் வேலை ஆகாது, பெரிய எந்திரம் ஓட்டுவது ஆகாது, ஓடுகிற கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நிற்பதும் ஆகாது. சுரங்கத்தில் பாதிப் பேருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் வேலை. மிச்சம் இருப்பவர்கள் வார விடுப்பில் இருப்பவர்கள், முதல் ஷிப்ட் முடிந்து மதியம் வெளியே வருகிறவர்கள், ஜெனரல் ஷிப்ட் ஆட்கள். எங்கள் ரத்ததானக் குழு இத்தனை வருடம் நிலைத்து நின்றதற்கு முதல் காரணம், இதை ஆரம்பித்தவர்கள் ஷிப்ட் வேலை செய்தவர்களாக இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

நான் பெல்ட் பகுதியில் வேலை பார்த்தவன். பணி ஓய்வு பெற்றுவிட்டேன். குழுவின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை, தொடங்கியவர்களில் பலர் இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது, அதுதான் பழுப்பு நிலக்கரி என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1956இல் அதை வெட்டி எடுக்க என்.எல்.சி. நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது, அடுத்த வருடமே அனல் மின் நிலையத்தில் மின்சாரம் வந்தது. ஜெர்மனியிலிருந்து மண் தோண்டுகிற பக்கெட் வீல் எந்திரங்கள், சோவியத் உதவியில் மின் நிலையம், அவற்றை ஓட்டத் திருநெல்வேலியிலிருந்து, தஞ்சாவூரிலிருந்து, கேரளத்திலிருந்து, ஆந்திரத்திலிருந்து ஆட்கள். வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய டவுன்ஷிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடுதான் முடிவு செய்தது. அங்காளி பங்காளி என்று யாரும் கூப்பிடு தூரத்தில் கிடையாது. பிரசவ வலி வந்தாலும் சாவு விழுந்தாலும் ஓடி வருபவர் ஒரே செக்‌ஷன்காரராகத்தான் இருப்பார்.

இப்படிப்பட்ட ஊரில் சங்கங்கள் முளைக்காமல் இருக்குமா? கோயில் கமிட்டி, படிப்பகம், நாடகக் குழு என்று ஏகப்பட்டது இருந்தது. எங்கள் குழு முதலுதவி வகுப்பிலிருந்து வந்தது. சுரங்கம் என்றால் முதலுதவி தெரிந்த ஆட்கள் இருந்தாக வேண்டும், அது சட்டம். அப்படி செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சான்றிதழுக்காகச் சேர்ந்து படித்த சிலர், கட்டுப் போடுவதும் ஸ்ட்ரெச்சர் தூக்குவதும் பழகியவர்கள், அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்த பிறகும் தங்கள் வேலை முடியவில்லை என்று கண்டார்கள். உள்ளே போனதும் டாக்டர் கேட்பது ரத்தம். பெரிய அறுவை சிகிச்சை என்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, அதையும் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர். நோயாளியின் கூட வந்த மனைவியோ தம்பியோ ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டில் யாரைப் போய்க் கேட்பார்கள்? அந்தக் காலத்தில் பெரிய மருத்துவமனைகளைச் சுற்றிக் காசுக்கு ரத்தம் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1996இல் உத்தரவிட்டு, 1998 ஜனவரி முதல் நாள் தொடங்கித்தான் அது நாடு முழுக்கத் தடையானது. அதற்கு முன்னால் நகையை அடகு வைத்து ரத்தம் வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

செயலாளராக இருந்தவரை எல்லோரும் வெல்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், ரத்த வகை, வட்டம், குவார்ட்டர்ஸ் எண், எந்த ஷிப்ட் பேட்ச், கடைசியாகக் கொடுத்த தேதி. கடைசிக் கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதுவார், ஒவ்வொரு தடவையும் அழித்து எழுத வேண்டுமே. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும், அதில் அவர் ஒருநாள்கூட விட்டுக்கொடுத்ததில்லை. "உங்களுக்கு அவசரம்ங்கறதுக்காக இவரோட உடம்ப நான் பணயம் வைக்க முடியாது" என்று அதிகாரி ஒருவரிடமே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பி நெகட்டிவ், ஓ நெகட்டிவ் ஆட்களுக்குத் தனிப் பக்கம். நம் நாட்டில் நெகட்டிவ் வகை நூற்றுக்கு ஐந்து பேர் போலத்தான். அவர்களை முகாம்களில் கொடுக்க விடமாட்டார், இருப்பில் வைத்திருப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தாய்க்கு வேண்டும் என்று வந்தால் அப்போது யாரிடம் போவது என்பார்.

செல்போன் இல்லாத நாள்கள். மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தால், ஒருவர் சைக்கிளில் வட்டம் வட்டமாகப் போய்க் கதவைத் தட்டுவார். கிடைத்தவர்கள் ஆர்ச் கேட்டில் நின்று பஸ் பிடிப்பார்கள். கடலூர் வழியாகவோ பண்ருட்டி வழியாகவோ புதுச்சேரி போய்ச் சேர்ந்து, கொடுத்துவிட்டு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்ப வேண்டும். பஸ் காசு அவரவர் காசு. நோயாளியின் வீட்டாரிடம் சாப்பாடுகூட வாங்கக் கூடாது என்பது எழுதாத விதி. அவர்கள் கையெடுத்துக் கும்பிடும்போது மறுப்பதுதான் எங்களுக்கு மிகக் கஷ்டமாக இருக்கும்.

கொடுக்க வைப்பது அத்தனை சுலபமாக இருக்கவில்லை. உடம்பு வீக் ஆகிவிடும், வெயிலில் வேலை செய்கிறவன் ரத்தம் கொடுக்கலாமா என்று வீடுகளில் சண்டை நடந்திருக்கிறது. எடுப்பது 350 மில்லிதான், திரவம் ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணுக்கள் சில வாரத்தில் ஈடாகிவிடும் என்று வெல்டர் அண்ணன் பொறுமையாகச் சொல்வார். சொன்னதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு அவர் சுரங்கத்தில் வேலை செய்ததைப் பார்த்துத்தான் பலர் வந்தார்கள்.

இந்த நோட்டில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

நோட்டு, ஷிப்ட் பட்டியலைப் பார்த்து உருவானது. ஷிப்ட் பட்டியலில் நிரந்தரத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வட்டமும் கிடையாது, குவார்ட்டர்ஸ் எண்ணும் கிடையாது. மந்தாரக்குப்பம், வடக்குத்து, இன்னும் உள்ளே இருக்கிற கிராமங்களிலிருந்து விடியற்காலையில் வந்து, இருட்டிய பிறகு போவார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேறு இடத்தில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர். ஆனால் ரத்தம் கேட்டு வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அதே கிராமத்து ஆட்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு, ரோட்டில் லாரி மோதியது, முந்திரி மரத்திலிருந்து விழுந்தது. ஊருக்குள் இருப்பவர் கொடுப்பவர், ஊருக்கு வெளியே இருப்பவர் வாங்குபவர் என்று ஒரு கோடு தானாக விழுந்திருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் போட்ட கோடு கிடையாது. இருந்தாலும் கோடு கோடுதான்.

ஒருநாள் மதியம் பெல்ட் பக்கம் கூட்டி வாருகிற ஒரு பையன் வெல்டர் அண்ணனிடம் வந்து நின்றான். அவனுடைய அக்காவுக்கு எங்கள் குழுதான் முந்தின மாதம் ரத்தம் கொடுத்திருந்தது. "ஏண்ணே, எங்க ரத்தம் மட்டும் அந்த நோட்டுல ஏறாதா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். வெல்டர் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நோட்டை அவனிடமே கொடுத்து, "எழுதுப்பா. ஒன் பேரு, ஒன்கூட வேல செய்யறவங்க பேரு, எல்லாத்தையும் எழுது" என்றார்.

வடலூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே வள்ளலார் 1867இல் தொடங்கிய தர்மசாலையில் இன்றுவரை அடுப்பு அணையவில்லை. வருகிறவரின் சாதி என்ன, மதம் என்ன, வேலை என்ன என்று யாரும் கேட்பதில்லை. பசி என்றால் இலை போடுகிறார்கள். வெல்டர் அண்ணன் மாதப் பூசத்துக்குத் தவறாமல் போகிறவர். அந்த வாரக் கூட்டத்தில் அவர் பேசியது இதைத்தான். சாப்பிட வருபவரைத் தர்மசாலையில் பிரித்துப் பார்க்காதபோது, கொடுக்க வருபவரை நாம் ஏன் பிரித்துப் பார்த்தோம் என்றார். கூட்டத்தில் இருந்த யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

சேர்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் மட்டும் போதாது. தினக்கூலி வாங்குகிறவர் ரத்தம் கொடுக்கப் போனால் அன்றைய கூலி போய்விடும், போன இடத்தில் நேரமாகிவிட்டால் மறுநாள் வேலையும் சந்தேகம். ஒரு ஒப்பந்ததாரர், இப்படிப் போனவரை ஒரு வாரம் வேலைக்கு எடுக்காமல் நிறுத்தி வைத்தார். அவரிடம் எங்கள் ஆட்கள் போய்ப் பேசினார்கள், சரிப்பட்டு வரவில்லை. பிறகு முகாம்களை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம், இடத்தையும் டவுன்ஷிப் மண்டபத்திலிருந்து கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனோம். சாப்பாட்டை அந்தந்த ஊர்க்காரர்களே சமைத்தார்கள். அதற்குப் பிறகுதான் குழு உண்மையில் வளர்ந்தது. ஷிப்டில் மாட்டிக்கொண்ட நாங்கள் வர முடியாத நேரங்களில் கிராமத்துப் பையன்கள் பைக்கில் கிளம்பினார்கள். பாதி ராத்திரியில் ஜிப்மருக்கு முதலில் போய் நின்றவர்கள் அவர்கள்தான்.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்தச் சேர்க்கையின் பலன் தெரிந்தது. பண்ருட்டிப் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டன. மின் கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. தென் மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரம் தயாரிக்கிற நெய்வேலியைச் சுற்றியிருந்த கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. அந்த வாரம் ரத்தத்தைவிட ரம்பமும் கயிறும்தான் அதிகம் வேண்டியிருந்தது. மரம் அறுக்கவும், கம்பி வெட்டவும், பாரம் தூக்கவும் தெரிந்த தொழிலாளர்கள் எங்களிடம் இருந்தார்கள். எந்தக் குறுக்குப் பாதை எந்த ஊருக்குப் போகும், எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் கிராமத்துக்காரர்கள். நோட்டு இரண்டு பேரையும் முன்பே சேர்த்து வைத்திருந்ததால் யார் தலைமை என்ற பேச்சே எழவில்லை. 2015 நவம்பரில் ஒரே நாளில் இங்கே 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் ஆட்களையே அடித்துக்கொண்டு போனபோதும் இவர்கள்தான் சோறும் பாயும் சுமந்து போனார்கள்.

இப்போது நிலைமை வேறு. செல்போன் குழுக்களில் ரத்தம் வேண்டும் என்று ஓயாமல் செய்தி வருகிறது. பாதிக்கு மேல் பழைய செய்திகள், தேவை எப்போதோ முடிந்திருக்கும், சில நேரம் நோயாளியே இருக்க மாட்டார். தேதி, மருத்துவமனை, எவ்வளவு நேரத்துக்குள் வேண்டும் என்ற மூன்றும் இல்லாத செய்தியை எங்கள் ஆட்கள் யாருக்கும் அனுப்புவதில்லை.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது பெரிய முகாம்கள். தலைவர் பிறந்த நாள், நிறுவன நாள் என்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரைக் கூட்டி ரத்தம் எடுக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான், கொடுப்பவர்களும் மனதாரத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் முழு ரத்தத்தைச் சாதாரணமாக 35 நாள்தான் வைத்திருக்க முடியும். பிரித்தெடுத்த தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) ஐந்து நாள். தேவைக்கு மேல் சேர்ந்தால் வீணாகும். கொடுத்த அத்தனை பேரும் குறைந்தது மூன்று மாதத்துக்குக் கொடுக்க முடியாதவர்களாக ஆகிவிடுவார்கள். மழைக்காலத்தில் டெங்கு வந்து தட்டணு தேவைப்படும்போது பட்டியலில் ஆள் இருக்காது. ஒரு பெரிய முகாமுக்குப் பதில் வருடம் முழுக்கப் பரவலாகச் சின்னச் சின்ன முகாம்கள் நடத்துவதுதான் நோயாளிக்கு உதவும். பேனர் கட்ட அது தோதாக இருக்காது, பரவாயில்லை.

நோட்டு இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது நர்சிங் படிக்கிற ஒரு பெண், அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. முகாமுக்கு வரும் பெண்களில் பலர் ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே இருப்பதால் திருப்பி அனுப்பப்படுவதை அவள் கவனித்திருக்கிறாள். ஆசையோடு வந்தவர்கள் முகம் வாடிப் போகிறார்கள். திருப்பி அனுப்பினால் மட்டும் போதுமா, அவர்களுக்கே ரத்தம் குறைவு என்றால் அதையல்லவா முதலில் பார்க்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டாள். அதனால் இந்த வருடம் முகாமுக்கு மூன்று மாதம் முன்பே கிராமங்களில் பெண்களுக்குப் பரிசோதனை நடத்தப் போகிறோம். குறைவாக இருப்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு, மாத்திரை வாங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையை ஓய்வு பெற்ற நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மந்தாரக்குப்பத்திலிருந்து தொடங்குவதாக ஏற்பாடு.